படி இருக்கும்போது பின்பக்கமாய் ஏன்?

எங்கள் ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். சாலைப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, போன் மேப்பிலும் அப்படித்தான் காட்டுகிறது, ஆனால் அம்மாவோ, பசாரில் மீன் வெட்டுகிறவரோ, ரொட்டி சானாய் போடுகிற மாமாக் கடைக்காரரோ அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர்களுக்கு இது பத்தாங் பெர்ஜுந்தைதான். மலாயில் பெர்ஜுந்தை என்றால் தொங்கிக்கொண்டிருப்பது. பத்தாங் என்றால் கட்டை, தண்டு, இப்படி ஏதாவது. பெயரை ஏன் மாற்றினார்கள் என்பதற்கு ஊரில் ஒரு காரணம் சொல்லிச் சிரிப்பார்கள், அதை இங்கே எழுத முடியாது, அம்மா படிப்பார். 34 வயது வரைக்கும் தொங்குகிற ஊரில் சும்மா நடந்துகொண்டிருந்த நான், இந்த வருஷம் மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபர் வரைக்கும் நிஜமாகவே தொங்கினேன். சனிக்கிழமை தோட்டத்துக்குள் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை பத்துமலைக்குப் பின்பக்கம் பாறை. அதைத்தான் எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நாங்கள் நாலு பேர். பெயர் போட்டால் சண்டைக்கு வருவார்கள், கூப்பிடுகிற பெயரே போதும். லோரி என் அத்தை மகன், லோரி ஓட்டுகிறான், உடம்பும் அதற்கேற்ற மாதிரி 92 கிலோ. கண்ணாடி என்னோடு தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டிலிருந்து ஒரே பெஞ்சு. டீச்சர், கண்ணாடியின் அக்கா, எங்களைவிட நாலு வயது மூத்தவர், 48 கிலோ, ஊரே டீச்சர் என்று கூப்பிடுவதால் சொந்தத் தம்பியும் பாதி நேரம் அப்படியேதான் கூப்பிடுகிறான். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் கோலாலம்பூரில் பாறை ஏறப் பழகியிருக்கிறார், கல்யாணம் குழந்தை என்று ஆனதும் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அலமாரி மேலே போட்டுவிட்டார், எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் கண்ணாடி எதையோ தேடப்போய் அந்த மூட்டை கீழே விழுந்து கயிறும் கொக்கியுமாகத் தரையில் பரவியது. "இது என்ன டீச்சர், ஆடு கட்டவா?" என்றான் லோரி. அந்த ஒரு கேள்விக்குப் பழிவாங்கத்தான் அடுத்த ஞாயிறு எங்களை இழுத்துக்கொண்டு போனார் என்பது என் எண்ணம்.

ஆனால் அந்தக் கயிற்றில் ஏறவில்லை. கயிறு, இடுப்பில் மாட்டுகிற ஹார்னஸ் வார் மாதிரி துணிச் சாமான்களைப் பத்து வருஷம் ஆகிவிட்டால், ஒரு முறைகூடத் தொடவில்லை என்றாலும், கழித்துவிடச் சொல்கிறார்கள் செய்பவர்களே. டீச்சர் இதில் ரொம்பக் கறார். நாலு பேரும் காசு போட்டு 70 மீட்டரில் புதிதாக ஒன்று வாங்கினோம். பழையது நிஜமாகவே லோரி வீட்டு ஆட்டுக்குப் போனது.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "அங்க முருகனுக்கு 272 படி கட்டி வெச்சிருக்காங்க. அதுல ஏறாம பின்பக்கமா ஏறப் போறீங்களா, திருடனுங்க மாதிரி?" என்றார். இதற்கு என்னிடம் அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. அம்மாவுக்குப் பத்துமலை என்றால் தைப்பூசம், பால்குடம், ஈரச் சேலையோடு படி. 1892இலிருந்து அங்கே தைப்பூசம் நடக்கிறது, அம்மாவும் அம்மாவின் அம்மாவும் அதில் எத்தனை வருஷம் போனார்களோ கணக்கில்லை. அதே மலைக்குப் பின்பக்கம் இப்படி ஒரு உலகம் இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. டாமாய் சுவர், நியாமுக் சுவர், நன்யாங் சுவர் என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பெயர், பாறையில் துளை போட்டு எஃகு போல்ட் அடித்து வழி வழியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நியாமுக் என்றால் கொசு. பெயர் வைத்தவர் நேர்மையான மனிதர்.

முதல் நாள் டாமாய். ஊரிலிருந்து பத்து ஆராங், ரவாங் வழியாக ஒரு மணி நேரம் ஆனது, லோரி ஓட்டினான், அதனால் காரிலேயே பாதி பயம் தீர்ந்துவிட்டது. ஏறுகிற சப்பாத்து ஒரு நம்பர் சின்னதாகத்தான் போட வேண்டுமாம், கால்விரல் மடங்கி, போட்டுக்கொண்டு நடந்தால் கொள்ளிக்கட்டையை மிதித்தவன் நடை வரும். இடுப்பில் ஹார்னஸ், அதில் 8 வடிவத்தில் ஒரு முடிச்சு. டீச்சர் முடிச்சை மூன்று முறை போடவைத்து மூன்று முறையும் அவிழ்க்கச் சொன்னார், வகுப்பில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 'ழ' எழுத வைக்கிற அதே குரலில். ஏறுகிறவன் முடிச்சை, கீழே நின்று கயிறு பிடிக்கிறவன் பார்க்கணும், பிடிக்கிறவன் கருவியை ஏறுகிறவன் பார்க்கணும், பார்க்காமல் ஒருத்தரும் தரையை விட்டுக் கால் எடுக்கக்கூடாது. கையில் பூசிக்கொள்கிற வெள்ளைப் பொடி மக்னீசியம் கார்பனேட், வியர்வையை உறிஞ்சும். அன்று சாயங்காலம் என் உள்ளங்கையைப் பார்த்து அம்மா, "கோயிலுக்கும் போய்ட்டுதான் வந்திருக்கீங்க, பரவால்ல" என்று சந்தோஷப்பட்டார். திருநீறு என்று நினைத்துவிட்டார். நான் திருத்தவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஏறி முடித்ததும் முன்பக்கம் போய்க் கும்பிட்டுவிட்டு, அங்கேயே வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுத் திரும்புவது வழக்கமாகிவிட்டது, அதனால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

பாதைகளுக்குக் கஷ்டத்தைப் பொறுத்து நம்பர் உண்டு, பிரெஞ்சுக்காரர்கள் கணக்கு: 4, 5, 5சி, 6ஏ, 6பி என்று போகும். எங்கள் ஊருக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. மலேசியாவில் வியாபாரத்துக்கு என்று முதன்முதலாகப் பாமாயில் எடுக்கிற செம்பனையை நட்ட தென்னமாரம் தோட்டம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது, 1917இல் நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்கிற பிரெஞ்சுக்காரர். அவர் ஆரம்பித்து வைத்தது கடைசியில் ரப்பரையே ஓரங்கட்டிவிட்டது, எங்கள் ஆட்கள் பாதிப் பேர் தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும் அதனால்தான். 6ஏ பாதையில் கை வழுக்கும்போதெல்லாம் அந்த நாட்டின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் வருவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஜூலையில் முதன்முதலாக லீட் ஏறினேன். மேலிருந்து கயிறு தொங்காது, நாமே கயிற்றை இழுத்துக்கொண்டு ஏறி ஒவ்வொரு போல்ட்டிலும் கொக்கி மாட்டிக்கொண்டே போகணும். கொக்கிக்கு இரண்டு மீட்டர் மேலே இருந்து விழுந்தால் கொக்கிக்கு இரண்டு மீட்டர் கீழே போய்த்தான் நிற்போம், கயிறு நீள்வது தனி. கணக்கு தரையில் நின்று கேட்டால் சுலபம். நாலாவது போல்ட் என் முழங்காலுக்குக் கீழே, ஐந்தாவது தலைக்கு மேலே, எட்டவில்லை. இடது கை ஒரு குழிக்குள், இரண்டு விரல்தான் நுழைந்தது. வலது கால் வைத்த இடம் ஆயிரம் பேர் மிதித்து மிதித்து நெய் தடவின மாதிரி மினுங்கியது, சுண்ணாம்புக் கல் அப்படித்தான், எல்லாரும் ஏறுகிற பாதையில் சீக்கிரம் வழவழத்துவிடும். அப்புறம் கால் ஆட ஆரம்பித்தது. அம்மாவின் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி குதிகால் டக்டக்டக்கென்று தானாகவே ஆடுகிறது, நிறுத்த நினைத்தால் கூடுகிறது. மூக்குக்கு நேரே ஒரு சின்னச் செடி, அதில் ஒரு எறும்பு, அது பாட்டுக்கு நேராக மேலே ஏறிப் போனது. கீழேயிருந்து டீச்சர், "மூச்சு விடுங்க தம்பி, மூச்சு விட மறந்துட்டீங்க" என்றார். விட்டேன். விட்டதும் காலும் விட்டுவிட்டது.

விழுந்ததில் ஒன்றும் ஆகவில்லை. சுவரில் காலை ஊன்றி, ஊஞ்சல் மாதிரி ஆடி, மூன்றாவது போல்ட் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். ஒன்றும் ஆகாது என்பது உடம்புக்குத் தெரிந்ததே அப்போதுதான். அதற்கு முன்னால் எத்தனை முறை சொன்னாலும் மண்டைக்குத்தான் போகும், தொடைக்குப் போகாது.

லோரி விழுந்த கதை வேறு. 92 கிலோ மேலே, 48 கிலோ கீழே. பிடிக்கிறவர் இவ்வளவு எடை குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்று டீச்சருக்கு நன்றாகவே தெரியும், "நீ விழாம ஏறு, விழுந்தா நான் பறந்துருவேன்" என்று சொல்லித்தான் பிடித்தார். விழுந்தான். டீச்சர் பறந்தார். முதல் போல்ட் வரைக்கும் விசுக்கென்று மேலே போய் அங்கே முட்டி நின்றார், இவன் அவருக்கு நேரே வந்து நின்றான், இரண்டு பேரும் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் முகத்துக்கு முகம் தொங்குகிறார்கள். இரண்டு நொடி ஒருவரும் பேசவில்லை. "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்றான் லோரி. சிரித்த சிரிப்பில் கண்ணாடிக்குக் கண்ணாடி விழுந்து ஒரு பக்கம் உடைந்தது. நல்லவேளை, அவர் வைத்திருந்தது கயிறு வேகமாக ஓடினால் தானே கவ்விக்கொள்கிற கிரிகிரி கருவி. அதை நம்பிக் கையை எடுத்துவிடக்கூடாது என்பது வேறு பாடம், டீச்சர் தொங்கிக்கொண்டே வலது கையால் கயிற்றை விடாமல் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு லோரிக்குக் கண்ணாடிதான் பிடிப்பான், அவன் இல்லாத நாளில் டீச்சரைப் பின்னால் இருக்கிற மரத்தின் அடியோடு வார் போட்டுக் கட்டிவிடுவோம்.

சைக்கிள் பக்கம் வருகிறேன். அது எனக்குச் சொந்த ஊர். ஊரைச் சுற்றிச் செம்பனை, செம்மண் ரோடு, கேட்டில் ஜாகா என்கிற காவல்காரர், நோட்டில் பெயர் எழுதினால் உள்ளே விடுவார், எங்கள் தோட்டத்து ஜாகாவுக்கு அப்பாவைத் தெரியும், அதனால் எழுதாமலும் விடுவார். வெளியூர்க்காரர்கள் உள்ளே வந்தால் கட்டாயம் வழி தப்பும். செம்பனையை முக்கோணக் கணக்கில் ஏறக்குறைய ஒன்பது மீட்டருக்கு ஒன்றாக நட்டிருப்பார்கள், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே நிரை, ஒரே நிழல். ஒரு நிரைவிட்டு ஒரு நிரையில் வெட்டின ஓலையை அடுக்கியிருப்பார்கள், நடுவில் குலை தள்ளிக்கொண்டு போகிற பாதை, அதுதான் எங்களுக்கு டிராக். வழி தெரிந்துகொள்ள ஒரே துணை பிளாக் பலகை, அதில் நட்ட வருஷம் இருக்கும். அதனால் எங்கள் பேச்சே இப்படித்தான் இருக்கும்: "2004ல நேரா போ, 2011ல லெப்ட் எடு, 2015 வந்துட்டா தப்பா வந்துட்டேன்னு அர்த்தம்."

அதில் ஒரு பிளாக் முன்பு 1998. அம்மா பால் வெட்டின ரப்பர் நிரை அங்கேதான் இருந்தது, அதை அழித்துச் செம்பனை வைத்ததோடு அம்மாவின் வேலையும் போனது. செம்பனைக்கு 25 வருஷம்தான் கணக்கு, மரம் உயர்ந்துவிட்டால் அரிவாள் எட்டாது, காயும் குறையும். இப்போது அதையும் தள்ளிவிட்டு மறுபடி நட்டிருக்கிறார்கள், பலகையில் 2023. கன்று இடுப்பு உயரம், நிழலே கிடையாது, மண் அரித்துப்போகாமல் இருக்கப் பரப்பி விட்ட கொடி பாதையெல்லாம் ஏறிப் பின்சக்கரத்துச் செயினில் சுற்றிக்கொள்ளும். காலை ஒன்பதுக்கே முதுகு எரியும். அங்கே இறங்கி நின்று கொடியை அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நான் காசு செலவழித்து, ஹெல்மெட் போட்டு, விடியற்காலை எழுந்து வருகிற இடத்துக்கு அம்மா இருபது வருஷம் அதைவிட முன்னாடியே எழுந்து வந்திருக்கிறார், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு. வெயில் ஏறினால் மரம் பால் விடாது. பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடுகிற நேரத்துக்கு, லேட்டானால் அன்றைக்குப் பேர் இல்லை. சொன்னால் லோரி, "அதான் மச்சான், நமக்குக் கிறுக்கு" என்றான். அவன் அம்மாவும் அதே நிரையில்தான் வெட்டினார்.

செம்பனையில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு முதல் எதிரி முள். ஓலை மட்டையின் அடிப்பகுதி முழுக்க இருக்கும், காய்ந்தால் ஆணி. டியூப் போட்ட டயரோடு போன முதல் சனிக்கிழமை எங்களுக்கு ஆறு பஞ்சர். அப்புறம்தான் டியூபை எடுத்துவிட்டு டயருக்குள் அடைப்புத் திரவம் ஊற்றுகிற முறைக்கு மாறினோம். முள் குத்தினால் துளை வழியாகத் திரவம் பீய்ச்சும், காற்றுப் பட்டதும் இறுகி அடைத்துக்கொள்ளும். நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்து குப்பியைத் திறந்தேன். அம்மா உள்ளே சமையலறையில் இருந்தார். "யாரு பால் கொண்டாந்தது?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பசும்பாலா என்று கேட்டேன். "பால்ரா, பால். ஸ்டோர் வாடை அடிக்குது." குப்பியை வாங்கி முகர்ந்து பார்த்தார். லேபிளைத் திருப்பிப் படித்தேன்: இயற்கை ரப்பர் பால், அம்மோனியா. மரத்தில் பால் வடிகிற மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றி, காண்டாக் கம்பு போட்டுத் தோளில் தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுவந்த பால் உறைந்துபோகாமல் இருக்க அங்கேயும் அம்மோனியாதான் ஊற்றுவார்கள். தரையில் கொஞ்சம் சிந்தியிருந்தது. அம்மா குனிந்து ஆட்காட்டி விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மெல்ல விரித்தார், நூல் மாதிரி நீண்டது. "தண்ணி கலந்திருக்கான்" என்றார். இருபது வருஷம் எடை போடுமிடத்தில் மற்றவர்கள் அம்மாவின் பாலைப் பற்றிச் சொன்ன வார்த்தை அது. நூலை உருட்டி உருட்டி ஒரு சின்ன உருண்டையாக்கித் திண்ணையில் தட்டிப் பார்த்தார். குதித்தது. சின்ன வயதில் எங்களுக்கு ஒட்டுப்பாலில் இப்படித்தான் பந்து சுற்றிக் கொடுப்பார். அந்த உருண்டை இப்போதும் ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு பாறையைப் பற்றி அம்மா ஏதாவது சொல்வார், சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆகஸ்டில் கை மடங்கியது. பெரிய சாகசம் ஒன்றுமில்லை, வாய்க்காலுக்கு மேலே இரண்டு பலகை போட்ட பாலம், பாசி, முன்சக்கரம் இரண்டு பலகைக்கும் நடுவில் இறங்கியது, நான் வாய்க்காலில். காய் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு இந்தோனேசியக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள், சைக்கிளை மினி டிராக்டரில் குலைகளுக்கு மேலே படுக்க வைத்து, என்னை ஓரமாக உட்காரவைத்து மெயின் ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். காசு நீட்டினேன், வாங்கவில்லை, சிகரெட் இருக்கா என்று கேட்டார்கள், அது எங்கள் யாரிடமும் இல்லை. அடுத்த வாரம் லோரி ஒரு பை நிறைய நாசி லெமாக் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். எலும்புக்கு ஒன்றுமில்லை, மூன்று வாரம் கட்டு. டீச்சர் கையைப் பற்றிக் கேட்கவே இல்லை, காலில் சிராய்ப்பு இருக்கா, எங்கே குளித்தாய், எப்போது குளித்தாய் என்றுதான் கேட்டார். தோட்டத்து வாய்க்கால் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், எலிக் காய்ச்சல் சிராய்ப்பு வழியாக ஏறும். எலியைப் பிடிக்கத் தோட்டத்தில் கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள், எலிக்காக நாகமும் வரும். அதற்குப் பிறகு இரண்டு வாரம் எனக்கு லேசாகத் தலைவலி வந்தாலும் வீட்டில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டுப் போட்ட மூன்று வாரமும் பாறைக்குப் போய் சும்மா உட்கார்ந்திருந்தேன். குரங்கு என் பையைத் திறந்து வடையை எடுத்தது, மூடி போட்ட டப்பாவை அழகாகத் திறந்தது, மூடியைத் திருப்பித் தரவில்லை. டீச்சர் நியாமுக்கில் ஒரு 6பி ஏறினார். நான் ஏறுவதைவிட அதைப் பார்த்ததுதான் இந்த வருஷத்தில் எனக்குப் பிடித்த விஷயம். அவசரமே இல்லை. வகுப்பில் சுண்ணாம்புக் கட்டியால் போர்டில் எழுதுகிற மாதிரி ஒரு கை, ஒரு கால், நின்று யோசித்து மறுபடி ஒரு கை. லோரி பக்கத்தில் நின்று, "இந்த அக்காவுக்கா நாம ஆடு கட்டவான்னு கேட்டோம்" என்றான். கேட்டது நீதான் என்றேன்.

அக்டோபர் வந்ததும் மழை. எங்கள் பக்கம் ஏப்ரலிலும் அக்டோபர் நவம்பரிலும்தான் அதிகம் பெய்யும். சாயங்காலம் மூணு மணி இடி இப்போது பன்னிரண்டுக்கே வருகிறது. மழை நின்ற பிறகும் இரண்டு நாள் பாறைக்கு உள்ளேயிருந்து தண்ணீர் கசிகிறது, தோட்டத்துச் செம்மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சைக்கிளே நகர மாட்டேன் என்கிறது. சரி, டிசம்பருக்குப் பிறகு பார்க்கலாம் என்று நிறுத்திவிட்டோம்.

போன ஞாயிறு டீச்சர் கயிற்றைப் பரிசோதித்தார். முழு 70 மீட்டரையும் விரல் இடுக்கில் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு. முடிச்சுப் போடுகிற நுனியிலிருந்து ஒன்றரை மீட்டரில் நிறுத்தினார். மேல் உறை கிழிந்து உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. லோரி விழுந்து விழுந்து தேய்ந்த இடம். நாலு மீட்டரை வெட்டி, நுனியை லைட்டரில் உருக்கி ஒட்டி, நடு அடையாளத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். கயிறு குட்டையாகிவிட்டது தெரியாமல் இறக்கிவிட்டால் நுனி பிடிக்கிறவர் கையைவிட்டு ஓடிவிடும், அப்படி ஆட்கள் விழுந்திருக்கிறார்கள், அதனால் இனிமேல் கடைசியில் முடிச்சுப் போடாமல் யாரும் ஏறக்கூடாது என்று மூன்று பேரையும் திருப்பிச் சொல்ல வைத்தார்.

வெட்டின துண்டை அம்மா கையில் எடுத்து இழுத்துப் பார்த்தார். நல்ல சிவப்பு, நடுவில் கறுப்புப் புள்ளி.

"இது எவ்ளோ கனம் தாங்கும்?"

"லோரியையே தாங்கும்மா."

அம்மா லோரியை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். "அப்போ கம்பளி காயப் போடலாம்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் பக்கம் போனார்.